வாட்டர்மார்க் போட்டும் படம் பறிபோவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலில் ஒற்றைப் படகு. மேலே சாம்பல் நிற வானம். வலது கீழ் மூலையில், படத்தின் மேலேயே பதிக்கும் அடையாளமான வாட்டர்மார்க்காக, என் பெயர். நான் எடுத்து இணையத்தில் பகிர்ந்த அந்தப் படத்தை ஒரு வருடம் கழித்து ஒரு நாட்காட்டியில் பார்த்தேன். அடிப்பக்கம் விரற்கடை அளவுக்கு வெட்டியிருந்தார்கள். என் பெயர் போயிருந்தது. தண்ணீரில் விழுந்த படகின் நிழலிலும் பாதி போயிருந்தது. வெளியிட்டவர்களிடம் கேட்டபோது, “இது உங்கள் படம்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்றார்கள். அசலைத் தேடிப் பார்த்தால், ‘சேவ் ஆஸ்’ கொடுக்க வேண்டிய இடத்தில் ‘சேவ்’ கொடுத்து, இருந்த ஒரே கோப்பின் மேலேயே பெயரைப் பதித்து வைத்திருக்கிறேன். பெயர் இல்லாத படம் என்னிடமே இல்லை.

கை கொடுத்தது, மெமரி கார்டில் அழிக்காமல் விட்டிருந்த மற்ற ஃபிரேம்கள். முந்தையதில் படகு கொஞ்சம் இடப்பக்கம் இருக்கிறது, அடுத்ததில் ஓர் அலை அதைத் தூக்கியிருக்கிறது. படம் எடுத்தவரைத் தவிர வேறு யாரிடமும் அந்த வரிசை இருக்க வழியில்லை. அனுப்பிய பிறகு மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: பெயரை எந்த எழுத்துருவில் போடலாம் என்று யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது அசலைக் காப்பதற்குச் செலவிடுங்கள். முடிந்தால் ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில், எடுங்கள். ஒரே டிஸ்க்கை நம்பாமல் இரண்டு இடங்களில் வையுங்கள். தேர்ந்தெடுத்த படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றை ‘சரியில்லை’ என்று அழித்துவிடாதீர்கள். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கடிகாரம் தப்பாக ஓடினால் நம் ஆதாரமே நமக்கு எதிராகப் பேசும்.

மூலையில் ஒரு பெயர்

மூலையில் போட்ட பெயரை கிராப் செய்தால் கதை முடிந்தது. வெறும் வானத்திலோ சுவரிலோ போட்ட பெயரை, இன்றைய ஏஐ கருவிகள் சுவடே தெரியாமல் துடைத்துவிடுகின்றன. அங்கே நிரப்ப வேண்டியது ஒரே நிறம்தானே. கயிறு, முடி, இலை, அலை என்று நுணுக்கங்கள் நெருங்கி இருக்கும் இடத்தின் குறுக்கே, முக்கியப் பொருளை ஓரமாகத் தொட்டபடி பெயர் போனால், அதை நீக்கப் பார்ப்பவர் படத்தையும் சேர்த்துக் கெடுக்க வேண்டிவரும். பெயர் மெல்லியதாகவே இருக்கட்டும். பார்ப்பவரின் கண் முதலில் படத்துக்குத்தான் போக வேண்டும். பெயரைப் பெரிதாக நடுவில் போட்டு, தன் படத்தைத் தானே பாழாக்கிக்கொள்வதும் தவறுதான்.

பலர் யோசிக்காத இன்னொன்று: நூற்றுக்கணக்கான படங்களில் ஒரே வாட்டர்மார்க்கை அச்சுப் பிசகாமல் போடுவது. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் இதிலுள்ள ஓட்டையைக் காட்டினார்கள். பல படங்களில் மாறாமல் வருவது எதுவோ அதுதான் வாட்டர்மார்க் என்று கணினியே கணக்கிட்டு, எல்லாவற்றிலிருந்தும் அதைக் கழித்துவிட முடிகிறது. படத்துக்குப் படம் வடிவத்தை லேசாக நெளித்தால் அந்தக் கணக்கு பிசகிவிடும் என்றும் அவர்களே சொன்னார்கள். எனவே கோணத்தையும் இடத்தையும் அளவையும் மாற்றுவதோடு, எழுத்தையும் கொஞ்சம் வளைத்துப் போடுங்கள்.

அளவும் டிபிஐயும்

‘72 டிபிஐ-யில் போட்டேன், யாராலும் அச்சடிக்க முடியாது’ என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். டிபிஐ என்பது அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்று சொல்லும் எண், அவ்வளவுதான். 6000 × 4000 பிக்சல் படத்தில் டிபிஐ எண்ணை மட்டும் மாற்றினால் ஒரு பிக்சல்கூடக் குறையாது. அதைத் திருடுபவர் 300 என்று மாற்றிக்கொண்டு 20 அங்குல அகலத்துக்கு அச்சடிப்பார். குறைக்க வேண்டியது பிக்சலை. நீளப் பக்கம் 1200 பிக்சல் என்றால், திரையில் பார்க்கத் தாராளம். அதே 300 டிபிஐ-யில் அச்சடித்தால் 4 அங்குலம்தான் வரும். ரைட் கிளிக்கை முடக்குவதில் பயனில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும்.

படத்துக்குள் இருக்கும் பெயர்

படக் கோப்புக்குள்ளேயே எடுத்தவர் பெயர், பதிப்புரிமை அறிவிப்பு, தொடர்பு விவரம் ஆகியவற்றை எழுத ஐபிடிசி மெட்டாடேட்டாவில் (படத்தோடு சேர்ந்தே போகும், கண்ணுக்குத் தெரியாத தகவல்) இடம் இருக்கிறது. பல கேமராக்களில் பெயரை ஒருமுறை பதிந்து வைத்தால் ஒவ்வொரு படத்திலும் தானாகவே ஏறும். ஆனால் எக்ஸ்போர்ட் செய்யும்போது கோப்பின் அளவைக் குறைக்க எல்லாவற்றையும் நீக்கும் தேர்வைச் சிலர் கொடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர் எதையும் நீக்காமல், வீடு இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியையும் சேர்த்து அனுப்புகிறார்கள். படங்களைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் பதிப்புரிமை விவரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் தேர்வு இருக்கிறது, அதைக் கொடுங்கள்.

இதையே முழுதாக நம்பிவிடவும் கூடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மெட்டாடேட்டா உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

சட்டத்தைப் பற்றிய தப்பெண்ணங்கள்

‘© போடவில்லை, அதனால் உரிமை இல்லை’ என்பது பழைய நம்பிக்கை. பதிப்புரிமை குறித்து நாடுகள் சேர்ந்து 1886-இல் உருவாக்கிய பெர்ன் ஒப்பந்தத்தை 1908-இல் திருத்தியபோதே, உரிமைக்கு எந்தச் சடங்கும் தேவையில்லை என்று ஆகிவிட்டது. உறுப்பு நாடுகளில் படம் எடுத்த கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தில் 1989-இல்தான் சேர்ந்தது. அதுவரை அங்கே அறிவிப்பு தேவைப்பட்டதால் அந்த எண்ணம் இன்னும் உலவுகிறது. அறிவிப்பு போடுவது நல்லதுதான், ‘எனக்குத் தெரியாது’ என்று யாரும் நழுவ முடியாது.

‘சமூக ஊடகத்தில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் சொந்தம்’ என்பது அடுத்தது. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தைப் படமெடுத்த புகைப்படக்காரர் டேனியல் மொரேல், படங்களை ட்விட்டர் வழியாகப் பகிர்ந்தார். வேறொருவர் அவற்றைத் தன்னுடையவையாக ஏற்றிக்கொள்ள, அங்கிருந்து எடுத்த ஏஎஃப்பி என்ற பிரெஞ்சு செய்தி நிறுவனம் உலகெங்கும் விநியோகித்தது. ட்விட்டரின் விதிமுறைகளே அனுமதிதான் என்ற அதன் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 நவம்பரில் ஏஎஃப்பியும், அதனிடமிருந்து பெற்று அவற்றை விநியோகித்த கெட்டி இமேஜஸும் சுமார் 12 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஜூரி சொன்னது. அந்தத் தளத்துக்கு நாம் தரும் உரிமம் வழியில் போகிற எவருக்கும் தருகிற உரிமம் ஆகாது.

சில விதிகளோடு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் தருகிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள். விதிகளை மீறாமல் பயன்படுத்தியவரிடமிருந்து அதைப் பிறகு திரும்ப வாங்க முடியாது.

திருடியது தெரிந்த பிறகு

கோபத்தில் முதலில் செய்வது பொதுவெளியில் திட்டுவது. அதைப் பார்த்ததும் அவர்கள் படத்தை நீக்கிவிடுவார்கள், ஆதாரமும் கூடவே போகும். முதலில் பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படத்தைக் கொடுத்துத் தேட உதவும் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ (TinEye) போட்டு வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது.

இன்னொன்று, இதில் நல்ல மனசுக்காரர்கள்தான் மாட்டுகிறார்கள். “பரவாயில்லை, என் பெயர் போட்டால் போதும்” என்று கமென்ட்டில் எழுதிவிடுகிறார்கள். நாளை அதே படம் விளம்பரத்தில் வந்தால், அந்த ஒரு வரியை அனுமதி என்று எடுத்துக் காட்டுவார்கள். பெயர் போட்டால் போதும் என்றுதான் நினைக்கிறீர்கள் என்றாலும், எந்தப் பக்கத்தில், எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை நாளைக்கு என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.