எச்.ஐ.வி. மாத்திரை எடுப்பவர்கள் இதயத்தைக் காப்பது எப்படி?

இதயத்துக்குப் பயந்து எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தாதீர்கள். விட்டு விட்டு மருந்து எடுத்தவர்களுக்குத்தான் இதயக் கோளாறு கூடுதல் என்று 2006-இல் வெளிவந்த ஸ்மார்ட் ஆய்வு காட்டியது. கிருமி தலைதூக்கினால் ரத்தக் குழாய்களும் புண்படும்.

புட்டியில் உள்ள மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அபாகாவிர் இருந்து, முன்பே மாரடைப்பு வந்திருந்தால் மாற்று மருந்து கேளுங்கள். லோபினாவிர்-ரிட்டோனாவிர் ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பை ஏற்றும். டோலுடெகிராவிர் எடுப்பவர்களில் சிலருக்கு எடை கூடும். இடுப்பளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டாமல் பாருங்கள்.

வருடம் ஒரு முறையாவது கிளினிக் கெசிஹாத்தானில் கொலஸ்ட்ரால், சீனி, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் அழுத்தம் பார்ப்பதானால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை மார்பு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரு முறை எடுங்கள். நாள்தோறும் 135/85-க்கு மேல் வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உண்மையான ஆபத்து பெரும்பாலும், நீங்கள் எச்.ஐ.வி. மருந்து எடுப்பது தெரியாமல் வேறு மருந்து கொடுக்கும் இரண்டாவது கிளினிக்கில்தான். ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் உள்ள எச்.ஐ.வி. மருந்தோடு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் சேரவே கூடாது: ஈரல் அதைக் கழிக்க முடியாமல் ரத்தத்தில் தேங்கும், தசை கரையும், சிறுநீர் கோப்பி நிறத்தில் போகும், கிட்னி கெடும். அதே வகை மருந்தான பிட்டாவாஸ்டாட்டினுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. 40 முதல் 75 வயதுள்ளவர்களுக்குத் தினம் 4 மில்லிகிராம் கொடுத்ததில் பெரிய இதய நோய்கள் 35 விழுக்காடு குறைந்ததாக 2023-இன் ரிப்ரீவ் ஆய்வு சொன்னது. கொலஸ்ட்ரால் அதிகமில்லை என்றாலும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

செம்பனைக் குலை வெட்டி முட்டி வலித்தால் போடும் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் ரிட்டோனாவிரோடு சேர்ந்தால் உடலில் வாரக்கணக்கில் தங்கி முகம் வீங்கும், சீனியும் அழுத்தமும் ஏறும். டோலுடெகிராவிர் எடுக்கும் இனிப்புநீர்க்காரர்கள் மெட்பார்மினை நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். சின்ன டவுனில் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது இயல்புதான். முகப்பில் எதுவும் சொல்ல வேண்டாம். உள்ளே டாக்டரிடம் அந்தத் தாளை நீட்டினால் போதும்.

சிகரெட்டை விடுவதற்கு ஈடான வைத்தியம் இல்லை. அரசாங்கக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் சேவை உண்டு. தே தாரேக்குக்குப் பதில் தே ஓ கோசோங், கருவாட்டைக் குறைப்பது, இவையும் உதவும்.

நெஞ்சு இறுக்கி வேர்த்தால் தோட்டத்து மருந்தகம் திறக்கும்வரை காத்திராமல் 999-ஐ அழையுங்கள். பசார் மாலாமில் விற்கும் 'ஆண்மை' கோப்பி குடித்திருந்தால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அவற்றில் வயாகராவில் உள்ள சில்டெனாபில் கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. அது தெரியாமல் நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் நைட்ரேட் மருந்து வைத்தால் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும்.