விமானம் கட்டும்போது பதிவேட்டில் நேரும் தவறுகள்

வீட்டுப் பட்டறையில் விமானம் கட்டுபவர்களின் பதிவேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி: “இடது இறக்கை வேலை, 4 மணி நேரம்.” இந்த வரியால் எதையும் நிரூபிக்க முடியாது. அமெரிக்காவில் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏவின் 51 சதவீத விதி, அதாவது பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்ற விதி, மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை. எந்தெந்த வேலைகளைக் கட்டுபவரே செய்தார் என்பதுதான் அங்கே கணக்கு. காசு கொடுத்துச் செய்வித்த வேலை அதில் சேராது. அதையும் மறைக்காமல் தனியாகக் குறிக்க வேண்டும். “3-ஆம் ரிப்பைப் பின் ஸ்பாருடன் ஏஎன்470ஏடி4 ரிவெட்டால் இணைத்தேன்” என்று எழுதி, வரைபடப் பக்கத்தையும் அந்த வரைபடத்தின் திருத்த எண்ணையும் சேர்த்தால் அது பதிவு. (ரிப் என்பது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்; ஸ்பார் இறக்கையின் நீள உத்திரம்; ரிவெட் தகடுகளைப் பிணைக்கும் ஆணி, ஏஎன்470ஏடி4 அதன் வகை எண்.) பின்னாளில் உற்பத்தியாளர் மாற்ற அறிவிப்பு அனுப்பினால், அது நம் விமானத்துக்குப் பொருந்துமா என்பதை அந்தத் திருத்த எண்தான் சொல்லும்.

படங்களில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. பளபளவென முடிந்த இறக்கையை எல்லோரும் எடுக்கிறார்கள். மூடுவதற்கு முன் உள்ளே இருந்ததை எடுப்பவர் குறைவு. கடைசித் தகடு ஏறிய பிறகு ஒயர் எந்த ஓட்டை வழியாகப் போகிறது, ரிவெட் தலை சரியாக விழுந்ததா என்று பார்க்க வழியில்லை. இறக்கைக்குள் ரிப்களுக்கு இடையிலான ஒவ்வொரு அறையையும் முழுதாக ஒரு படம், நெருங்கி ஒரு படம், பக்கத்தில் ஓர் அளவுகோல், பகுதியின் பெயர் எழுதிய சீட்டு. 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டின் அடித்த பக்கம் சுமார் 4.8 மி.மீ. அகலமும் 1.6 மி.மீ. உயரமும் இருக்க வேண்டும்; அது படத்தில் தெரிந்தால் பரிசோதகர் கேள்வியே கேட்க மாட்டார். கட்டுபவரின் முகமும் கையும் தெரியும் படங்கள் சிலவும் அவசியம்.

போல்ட் முறுக்கை வெறும் எண்ணாக எழுதுவது அடுத்த தவறு. ஏஎன்3 வகை போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 இன்ச்-பவுண்ட் முறுக்கு. ஆனால் நைலான் பூட்டு நட்டு சும்மா சுற்றும்போதே இழுக்கும். அந்த இழுவை 8 என்றால், 25 வேண்டுமானால் முறுக்கு அளக்கும் ரெஞ்சை 33-இல் வைக்க வேண்டும். பதிவில் “25” மட்டும் இருந்தால் இழுவையைச் சேர்த்ததா, சேர்க்காததா என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் எழுதுங்கள்.

இரண்டு திரவங்களைக் கலந்து இறுக வைக்கும் எபாக்சிப் பசை வேலையில் தொகுதி எண், காலாவதித் தேதி, கலவை விகிதம், அறை வெப்பநிலை நான்கும் வேண்டும். கப்பில் மிஞ்சியதைத் தேதியிட்டு எடுத்து வையுங்கள். அது மறுநாளும் பிசுபிசுத்தால், இறக்கையில் பூசியதும் சந்தேகத்துக்கு உரியதே.

தப்பாகத் துளைத்த ஓட்டையை எழுதாமல் விடுவதுதான் மிக மோசம். விளிம்பிலிருந்து ஓட்டை மையத்துக்கு ரிவெட் விட்டத்தின் இரு மடங்கு இடைவெளி இல்லையென்றால், அளவு, படம், உற்பத்தியாளர் தந்த பதில், செய்த சரிக்கட்டல் எல்லாம் அதே பக்கத்தில் வர வேண்டும். பல ஆண்டு கழித்து அங்கே விரிசல் கண்டால் முதலில் புரட்டப்படும் பக்கம் அதுதான்.

அன்றைய பதிவை அன்றே, அழியாத மையில் எழுதுங்கள். படங்களின் நகலைப் பட்டறைக்கு வெளியே இன்னோர் இடத்திலும் வையுங்கள்.