சிரிக்காத வாய் உள்ள துணிப் பொம்மை: பாவனை விளையாட்டைத் தொடங்கும் முறை

பேட்டரி போட்டுப் பேசும் பொம்மை வேண்டாம். பொம்மையே பாடி, அழுது, சிரித்துவிட்டால் பிள்ளைக்கு அங்கே வேலையில்லை. பொம்மை வாயைத் திறக்காமல் கிடந்தால்தான் அதற்கும் சேர்த்துப் பிள்ளை பேசும்.

பொம்மை தைப்பது

பழைய பருத்திப் புடவை அல்லது வேட்டியில் 60-க்கு 40 செ.மீ. துண்டு போதும். நைந்த இடத்தைத் தவிர்க்கவும். அடைக்கக் கிழிந்த பனியன்களைப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். இலவம்பஞ்சு நம்ம பக்கம் கிடைக்கும்தான். ஆனால் மெல்லிய துணி வழியே அதன் இழை வெளியே வந்து மூக்கில் ஏறும், துவைத்தால் கட்டிபட்டு உள்ளே ஈரம் நிற்கும்.

துணியை இரண்டாக மடித்து, தலை, கை, கால் சேர்ந்த ஒரே உருவமாக 25 செ.மீ. உயரத்துக்கு வரையவும். கோட்டின் மேல் கெட்டித் தையல் போட்டு, வெளியே 1 செ.மீ. விட்டு வெட்டவும். இடுப்போரம் 6 செ.மீ. தைக்காமல் விட்டால் அதன் வழியே திருப்பி அடைக்கலாம். திருப்புவதற்கு முன் கழுத்து வளைவிலும் அக்குளிலும் தையலுக்கு 3 மி.மீ. முன்புவரை சின்னச் சின்ன வெட்டு கொடுங்கள். கொடுக்காவிட்டால் அந்த இடம் சுருங்கி இழுக்கும்.

தலை தொங்குவதுதான் எல்லோருக்கும் வரும் தொல்லை. கழுத்து 5 செ.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது. தலையை அடைத்ததும் கழுத்தைக் கல் மாதிரி இறுக்கிவிட்டு, பிறகுதான் உடம்புக்கு வர வேண்டும்.

கண்ணுக்குப் பட்டன், மணி வேண்டாம், நூலாலேயே தையுங்கள். வாய் ஒரு சின்ன நேர்கோடு. சிரித்த வாய் தைத்தால், பொம்மைக்குக் காய்ச்சல் வந்தாலும் அது சிரித்துக்கொண்டேயிருக்கும்.

கூட வைக்கும் சாமான்

டம்ளர், ஸ்பூன், துண்டு, முன்பக்கம் திறக்கும் ஒரு சட்டை. அவ்வளவே. இருபது சாமான் கொட்டினால் பிள்ளை கொட்டிக் கவிழ்த்து விளையாடுமே தவிர, பொம்மையைக் கவனிக்காது. சட்டைக்கு முதலில் வெல்க்ரோ. மூன்று வயதுக்கு மேல் பெரிய பட்டன், விரலுக்கு நல்ல வேலை.

சொப்பில் சோறு என்று புளியங்கொட்டையைப் போட்டுக் கொடுப்பார்கள். மூன்று வயதுக்கு முன் கூடாது. வாய்க்கும் மூக்குக்கும் போகும். கடையில் வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து விளையாட்டுப் பொருளுக்கு அது கட்டாயம். பொம்மைக்குத் தூளி கட்டினால் விளையாட்டு முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும், பிள்ளையின் கழுத்து மாட்டும்.

வயதுக்கு ஏற்ப

ஒன்றரை வயதில் வெறும் டம்ளரைப் பொம்மையின் வாயில் வைப்பார்கள். இரண்டை ஒட்டி பொம்மையே டம்ளரைப் பிடித்துக் குடிக்கும். அதாவது, பொம்மைக்கும் ஒரு மனசு இருப்பதாகப் பிள்ளை வைத்துக்கொள்கிறது. இரண்டரைக்குள் குளிப்பாட்டி, களி ஊட்டி, தூங்கவைக்கும் வரிசை வரும். மூன்று வாக்கில் பென்சில் களித் துடுப்பாகும், காய்ந்த மாங்கொட்டை போனாகும். குச்சியைக் குதிரையாக்கும் பிள்ளையைக் காட்டி ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-இல் பேசியது இதைத்தான்: பொருளிலிருந்து அர்த்தத்தைப் பிரித்தெடுக்கப் பிள்ளை பழகுகிறது. பின்னால் எழுத்தும் எண்ணும் வரும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். வயதுக் கணக்கு முன்னே பின்னே இருக்கும்.

பெரியவர்கள் தவறும் இடம்

பொம்மையைக் கொடுத்த கையோடு பரீட்சை ஆரம்பித்துவிடுகிறோம். "இது என்ன கலர்? கண்ணு எங்க? ஒன்னு ரெண்டு எண்ணு." பிள்ளை பதில் சொல்லும், விளையாட்டு நின்றுவிடும். இப்படிச் செய்து பாருங்கள்: "பாப்பாவுக்குப் பசிக்குதாம்" என்று ஒரே வரி. பிறகு மனசுக்குள் பத்துவரை எண்ணுங்கள். நாலு எண்ணுவதற்குள் வாய் துறுதுறுக்கும், அடக்குங்கள். பிள்ளை எதைச் செய்கிறதோ அதையே சொல்லுங்கள்: "ஓ, களி சூடா இருக்கா, ஊதுறியா?" கல்லை இட்லி என்றால் இட்லிதான், திருத்தக் கூடாது. தினமும் பத்து பதினைந்து நிமிடம் போதும். பிறகு எழுந்து போய்விடுங்கள்.

தனியே விட்டால் வீண் என்று நினைக்க வேண்டாம். கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளிடம் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள்: தனியாகப் பொம்மையோடு விளையாடும்போதும், பிறர் மனதைப் புரிந்துகொள்ள உதவும் மூளைப் பகுதி வேலை செய்தது, தனியாக டேப்லட் விளையாட்டு ஆடியபோது அந்த அளவுக்கு இல்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு பொம்மைக் கம்பெனி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிறகு சேர்த்தது

பொம்மையை அடித்தால் பதற வேண்டாம், திட்டவும் வேண்டாம். "பாப்பா அழுவுது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டு அதே பத்து எண்ணிக்கை. ஊசி போட்டுக்கொண்டு வந்த நாளில் பொம்மைக்கும் இருபது ஊசி விழும். பயம் வெளியே வரும் வழி அது. வாரக்கணக்கில் அடி ஒன்றையே திரும்பத் திரும்ப ஆடினால் மட்டும், பிள்ளை எங்கே எதைப் பார்க்கிறது என்று விசாரியுங்கள்.

ஓசூர்ப் பக்க வீடுகளில் பாட்டி தெலுங்கு, அம்மா தமிழ், பக்கத்து வீடு கன்னடம். பொம்மையிடம் யார் எதில் பேசினாலும் பேசட்டும், பிள்ளை குழம்பாது.

பையனுக்கும் இதே பொம்மைதான், அளவு மாறாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவையுங்கள். கழுத்துதான் கடைசியாகக் காயும்.