மாடில மூலிகை விதை முளைக்கலையா? மொதல்ல தண்ணிய வாயில வச்சுப் பாருங்க

வடசென்னைல காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மாடில மூலிகை விதை போட்டு முளைக்கலேன்னா எல்லாரும் விதையத்தான் திட்றாங்க, ஆனா நிறைய வீட்ல வில்லன் போர் தண்ணிதான். ஒரு சொட்டு நாக்குல வைங்க, கரிச்சுதுன்னா விதைக்கு ஆகாது. ஏன்னா விதை தண்ணிய குடிச்சு உப்பினாத்தான் முளைக்கும், தண்ணில உப்பு ஏற ஏற விதையால அத உள்ள இழுக்க முடியாது, மண்ணு சொதசொதன்னு இருக்கும், விதை மட்டும் அப்படியே கெடக்கும். வளந்த செடி ஓரளவு தாங்கும், நாத்து தாங்காது. அதனால நாலு இலை வர்ற வரைக்குமாவது மெட்ரோ தண்ணி (குடிநீர் வாரியம் விடுற தண்ணி), இல்ல பிடிச்சு வச்ச மழைத்தண்ணி ஊத்துங்க. தொட்டி ஓரமா வெள்ளையா பூத்திருந்தா அந்த மண்ணு வேணாம். கோகோபீட்லயும், அதான் தேங்கா நார்த் தூள்லயும், உப்பு இருக்கும், ரெண்டு மூணு வாட்டி அலசிப் பிழிஞ்சுட்டு மண்புழு உரம் கலந்துக்கோங்க.

சித்திரை வைகாசில போடாதீங்க. துளசி, அமுக்கராவுக்கு (அஸ்வகந்தா) 25லேர்ந்து 30 டிகிரி இருந்தா சரியா வரும், நம்ம மாடி தளம் அந்த வெயில்ல என்னா கொதி கொதிக்குது! ஐப்பசி அடைமழைல பொடி விதை அடிச்சிட்டுப் போயிடும், என் சாய்ஸ் தை மாசிதான்.

துளசி, கீழாநெல்லி மாதிரி பொடி விதைய பொதைக்கவே கூடாது, வெளிச்சம் பட்டாத்தான் நல்லா முளைக்கும், மேலால தூவி கையால லேசா அமுக்கி ஸ்ப்ரேயர்ல தண்ணி அடிங்க, அது போதும். நித்தியகல்யாணி நேர்மாறு, அதுக்கு இருட்டு வேணும், மண்ணு போட்டு மூடிடுங்க. அப்புறம் சப்ஜா விதைய துளசின்னு குடுப்பாங்க, அது திருநீற்றுப்பச்சிலை, உஷாரு.

ஆவாரம் விதைக்கு தோலு கெட்டி, தண்ணி உள்ளயே போகாது, உப்புத்தாள்ல (மரம் தேய்க்கிற சொரசொரப்பு பேப்பர்) நாலு தேய்ப்பு தேய்ச்சு ராத்திரி ஊறப்போட்டு காலைல போடுங்க. நிலவேம்பும் பிடிவாதம்தான், புதுசா பறிச்ச விதை சில மாசம் தூங்கும், கொஞ்சம் பழசா இருந்தாத்தான் நல்லது. வேம்புக்கு அதெல்லாம் ஆகாது, பழம் விழுந்த சூட்டோட சதைய கழுவிட்டு நிழல்ல உலத்தி ரெண்டு வாரத்துக்குள்ள போட்றணும், டப்பால போட்டு அடுத்த வருஷத்துக்குன்னு வச்சீங்கன்னா ஒண்ணும் வராது.