ஒன்ராறியோவில் வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கனடாவுக்கு வந்து மூன்று மாதம் ஆவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "எப்ப வீடு வாங்கப் போறீங்கள்?" கோயிலில் கேட்பார்கள், பிறந்தநாள் விழாவில் கேட்பார்கள். "வாடகை கட்டுறது காசைக் கடலில கொட்டுற மாதிரி" என்று புத்திமதியும் சேர்ந்து வரும். அவசரப்படாதீர்கள். இங்கே வீட்டுக் கடனைச் சுற்றி அரசு பல வேலிகள் போட்டிருக்கிறது. எந்த வேலி யாரைக் காக்கிறது என்று தெரியாமல் உள்ளே போனால் பிறகு வெளியே வருவது கஷ்டம். பாதி வேலிகள் வங்கியைக் காப்பவை.

வாடகையை முதலில் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அங்கேதான் தொடங்குவீர்கள். வரிக்கு முந்தைய வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு அடங்கினால் அது கட்டுப்படியான வீடு என்பது மத்திய அரசின் வீடமைப்புக் கூட்டுத்தாபனமான சிஎம்எச்சி வைத்திருக்கும் அளவுகோல். ரொறன்ரோவில் புதுக் குடும்பம் ஒன்றுக்கு இது எட்டாக்கனிதான். ஆனாலும் ஒன்ராறியோ சட்டம் வாடகைக்காரருக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது. கடைசி மாத வாடகையைத்தான் முன்பணமாகக் கேட்கலாம். "ஏதாவது உடைஞ்சால்" என்று தனியாகப் பணம் வாங்குவது சட்டவிரோதம். வாடகையை 12 மாதத்துக்கு ஒரு தடவைதான் ஏற்றலாம், அதற்கும் 90 நாளுக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். 2026க்கான உச்சவரம்பு 2.1 சதவீதம். ஒரு பொறி இருக்கிறது: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீட்டுக்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது. பளபளப்பான புதுக் கொண்டோவைப் பார்த்து மயங்குவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

சரி, வாங்குவதற்கு வருவோம்.

நிரந்தர வதிவிட உரிமை கிடைத்துவிட்டால் தடை இல்லை. வேலை பெர்மிட்டில் இருப்பவர்கள் கவனம். கனடியர் அல்லாதோர் வீடு வாங்க மத்திய அரசு 2023 ஜனவரி 1 முதல் விதித்த தடை 2027 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பெர்மிட்டில் 183 நாளாவது மிச்சம் இருந்தால் ஒரு வீடு வாங்கலாம் என்று விலக்கு உண்டு. ஆனால் மத்திய அரசு விட்டாலும் மாகாணம் விடாது: ஒன்ராறியோ வீட்டு விலையில் 25 சதவீத வரி கேட்கும். ரொறன்ரோ நகருக்குள் என்றால் 2025 முதல் நகரசபை இன்னொரு 10 சதவீதம். பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) வரும்வரை பொறுப்பதே புத்தி.

இனி கணக்கு. 600,000 டொலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். முதல் 500,000க்கு 5 சதவீதம், அதற்கு மேல் உள்ளதற்கு 10 சதவீதம் என்பதால் குறைந்தபட்ச முற்பணம் 35,000. மீதி 565,000 கடன். முற்பணம் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) இன்சூரன்ஸ் கட்டாயம். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். நீங்கள் செத்துப்போனால் கடனை அடைக்கும் இன்சூரன்ஸ் வேறு. அதையும் தனியாக விற்கப் பார்ப்பார்கள். இது நீங்கள் கட்டாமல் விட்டால் வங்கிக்கு வரும் நட்டத்தை ஈடுசெய்வது. பிரீமியம் கடனில் 4 சதவீதம், அதாவது 22,600 டொலர், உங்கள் கடனில்தான் ஏறும். அந்தப் பிரீமியத்துக்கு ஒன்ராறியோ விற்பனை வரி 1,808 டொலரைக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

நிலமாற்ற வரி மாகாணத்துக்கு 8,475. ரொறன்ரோவுக்குள் வாங்கினால் நகரசபைக்கும் அதே 8,475. முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000, நகரசபை 4,475 வரை கழிவு தரும். இங்கேதான் நம்மவர்கள் பலர் மாட்டுகிறார்கள். "முதல் வீடு" என்றால் கனடாவில் முதல் வீடு என்று நினைத்துவிடுகிறோம். உலகத்தில் எங்குமே உங்கள் பெயரில் வீடோ, வீட்டில் ஒரு பங்கோ இருந்திருக்கக் கூடாது. ஊரில் சீதனமாக எழுதிய வீடு, அப்பா உறுதியில் சேர்த்த பங்கு, எல்லாம் கணக்கில் வரும். சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது எல்லோரும் திட்டும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். வங்கிகளைக் கண்காணிக்கும் ஓஸ்ஃபி என்ற மத்திய அலுவலகம், 20 சதவீதமோ அதற்கு மேலோ முற்பணம் போடுபவர்களுக்கும் இதை 2018 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது. உங்களுக்குத் தரும் வட்டியோடு 2 சதவீதம் கூட்டினால் வருவது, அல்லது 5.25 சதவீதம், எது அதிகமோ அந்த வட்டியிலும் உங்களால் கட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். நம் உதாரணத்தில் பிரீமியத்தோடு கடன் 587,600. வட்டி 4.5 என்றால் 25 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 3,250. சோதனையில் 6.5 என்று போடும்போது 3,930க்கு மேல் போகும். அதோடு சொத்து வரிக்கும் ஹீட்டிங்குக்கும் மாதம் 450 சேர்த்து, அது மொத்த வருமானத்தில் 39 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 135,000 அளவில் இருந்தால்தான் தேறும். கார் தவணை, கிரெடிட் கார்டு எல்லாம் சேர்ந்தால் எல்லை 44 சதவீதம். வந்த வேகத்தில் புதுக் கார் எடுப்பவர்கள் வீட்டுக் கடனில் எத்தனை ஆயிரத்தை அங்கேயே தொலைக்கிறோம் என்று யோசிப்பதில்லை.

இது ஏன் என்று எனக்கு 2023இல்தான் புரிந்தது. ஊரில்போல ஒரு தடவை வட்டி பேசி முடிக்கும் கடன் அல்ல இது. 25 வருடக் கடன் என்றாலும் வட்டி ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குத்தான்; அப்புறம் அன்றைய வட்டியில் புதுப்பிக்க வேண்டும். நான் 2021இல் மாறும் வட்டியில் எடுத்தவன். அப்போது கனடா மத்திய வங்கியின் வட்டி 0.25. 2022 மார்ச்சில் ஏறத் தொடங்கி 2023 ஜூலையில் 5 சதவீதம் ஆனது. என் தவணை மட்டும் மாறவில்லை, அதனால் கவலையில்லாமல் இருந்தேன். பிறகு கடிதம் வந்தது: நான் கட்டும் தொகை வட்டிக்கே போதவில்லையாம், மிச்சம் கடனோடு சேர்கிறதாம். இரண்டு வருடம் கட்டி, கடன் வளர்ந்திருந்தது! சோதனையில் வைத்த இடைவெளி இருந்ததால்தான் தவணையைக் கூட்டிச் சமாளித்தேன். மாறும் வட்டி எடுத்தால் தவணையும் சேர்ந்து மாறுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

சோதனையில் தேறாதபோதுதான் குறுக்கு வழிகள் வீடு தேடி வரும். "மச்சானை உறுதியில் சேர்ப்பம், பேருக்குத்தானே" என்பார்கள். பெயரைக் கொடுத்தவருக்குப் பிறகு முதல் வீட்டுக் கழிவு போய்விடும், அவர் தனக்குக் கடன் கேட்கும்போது உங்கள் கடன் அவர் தலையில் நிற்கும், நீங்கள் கட்டாவிட்டால் வங்கி அவரிடம் போகும். எத்தனை உறவுகள் இதில் முறிந்திருக்கின்றன! இன்னொருவர் சம்பளக் கடிதம் "செய்து" தருவதாகச் சொல்வார். அது மோசடி, கையெழுத்து உங்களுடையது.

முற்பணத்துக்குச் சீட்டுக் காசை நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடன் தருபவர் வழக்கமாகக் கடைசி 90 நாள் வங்கிக் கணக்கைக் கேட்பார். திடீரென்று விழுந்த பெரிய தொகைக்கு விளக்கம் வேண்டும். பெற்றோரோ சகோதரரோ தந்தால் திருப்பிக் கேட்கமாட்டோம் என்று அன்பளிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். 2024 அக்டோபர் முதல் மோர்ட்கேஜ் புரோக்கர்களும் பணச்சலவைத் தடுப்பு விதிகளுக்குள் வந்துவிட்டார்கள், அதனால் அவர்களும் துருவுவார்கள். அதைவிட, வந்த உடனேயே முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து வையுங்கள்: வருடத்துக்கு 8,000, மொத்தம் 40,000 வரை, போடும்போதும் வரிச் சலுகை, வீட்டுக்கு எடுக்கும்போதும் வரி இல்லை.

தனியார் கடன்காரர்களிடம் ஓஸ்ஃபியின் சோதனை இல்லை. வட்டி அதிகம், கட்டணம் தனி, பெரும்பாலும் ஒரு வருடக் கடன். வருட முடிவில் வங்கிக்கு எப்படி மாறப் போகிறீர்கள் என்பதற்குத் திட்டம் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். புரோக்கரின் உரிமத்தை ஒன்ராறியோ நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டே பார்க்கலாம்.

ஏற்கெனவே வாங்கித் தவணை இறுகுகிறதா? ஒரு தவணை தவறுவதற்கு முன்பே வங்கியைக் கூப்பிடுங்கள். நுகர்வோரைக் காக்கும் மத்திய முகமை 2023 ஜூலையில் தந்த வழிகாட்டலின்படி, கஷ்டத்தில் இருப்பவருக்குக் காலத்தை நீட்டிப்பது போன்ற உதவிகளை வங்கி பரிசீலிக்க வேண்டும். புதுப்பிக்கும் நேரத்தில் வேறு வங்கி குறைந்த வட்டி தந்தால், கடன் தொகையையும் காலத்தையும் கூட்டாமல் மாறுபவரை ஓஸ்ஃபியின் சோதனை 2024 நவம்பர் 21 முதல் தடுப்பதில்லை. ஆகவே உங்கள் வங்கி அனுப்பும் புதுப்பித்தல் கடிதத்தில் உடனே கையெழுத்துப் போடாமல், நான்கு மாதம் முன்பே இரண்டு மூன்று இடத்தில் வட்டி எவ்வளவு என்று விசாரியுங்கள்.