வாயு செலுத்தி எண்ணெய் எடுப்பதில் எங்கே சறுக்குகிறோம்?

பெரும்பாலான எண்ணெய் வயல்களில் நிலத்தடி எண்ணெயில் பாதிகூட மேலே வருவதில்லை. மிச்சத்தை எடுக்க வாயு செலுத்துவதும் கிடைமட்டக் கிணறு தோண்டுவதும் நல்ல வழிகள்தான். ஆனால் வாயு எப்போதும் சுலபமான பாதையைத்தான் தேடும். அதை மறந்தால், செலுத்திய வாயு மட்டும் திரும்பி வரும், எண்ணெய் பாறையிலேயே கிடக்கும்.

கார்பன் டை ஆக்சைடு எண்ணெயோடு முழுமையாகக் கலக்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். அதைத் தாண்டினால் நுண்துளைகளில் ஒட்டிய எண்ணெயும் கழன்று வரும். அந்த அளவு வெப்பநிலையையும் எண்ணெயின் சேர்மானத்தையும் பொறுத்தது. பக்கத்து வயலின் அழுத்த அளவை அப்படியே எடுத்துப் போடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. மணல் அடைத்த நீண்ட மெல்லிய குழாயில் நம் எண்ணெயையே வைத்துச் சோதித்துவிடுங்கள். நைட்ரஜனுக்கு மாறுவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை, அது கலக்க மிக அதிக அழுத்தம் கேட்கும். மெக்சிகோவின் கான்டரெல் வயலில் 2000-இல் நைட்ரஜனைச் செலுத்தத் தொடங்கியதும் எண்ணெயோடு கலக்க அல்ல, வயலின் அழுத்தம் சரியாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

அழுத்தம் சரியாக இருந்தாலும் வாயு எண்ணெயைவிட மிக லேசாக ஓடக்கூடியது. விரல் விரலாகப் பிரிந்து எண்ணெயைக் கடந்துவிடும், அல்லது மேலேறி அடுக்கின் கூரையோடு ஓடிவிடும். அதனால்தான் வாயுவையும் நீரையும் மாற்றி மாற்றிச் செலுத்துகிறார்கள். நீர் அதிகமானாலும் வம்புதான், எண்ணெயைச் சூழ்ந்து நின்று வாயுவை அண்ட விடாது. அப்புறம், கார்பன் டை ஆக்சைடும் நீரும் சேர்ந்தால் அமிலம். சாதாரண எஃகுக் குழாய் அரித்துப் போகும்.

கிடைமட்டக் கிணற்றில் 'நீளம் கூடினால் எண்ணெய் கூடும்' என்ற நினைப்புதான் பெரிய சிக்கல். குழாய்க்குள் உராய்வால் அழுத்தம் மாறுவதால், கிணறு கிடையாகத் திரும்பும் குதிகால் பகுதி அதிகமாக உறிஞ்சும், கடைசி நுனி சும்மா கிடக்கும். மேலே இருக்கும் வாயுவும் முதலில் குதிகாலில்தான் இறங்கும். நார்வேயின் ட்ரோல் வயலில் எண்ணெய் அடுக்கு சில இடங்களில் 20 மீட்டர்கூட இல்லை. மேலே வாயு, கீழே நீர். வரத்தைச் சீராக்கும் சிறு திறப்புகளைக் குழாய் நெடுகப் பொருத்தும் முறை 1990-களில் அங்கேதான் வேர்விட்டது. நடுவே மெல்லிய களிமண் அடுக்கு ஒன்று குறுக்கிட்டாலும் மறுபக்க எண்ணெய் கிணற்றுக்கு வராது. பாறை விரிசல் ஒன்று செலுத்தும் கிணற்றையும் எடுக்கும் கிணற்றையும் இணைத்துவிட்டால் வாயுவுக்கு அது நெடுஞ்சாலை.

எண்ணெய் வரத்து குறைகிறதே என்று சோக்கை (கிணற்று வாயில் வரத்தைக் கட்டுப்படுத்தும் அடைப்பானை) மேலும் திறப்பதை அடிக்கடி பார்க்கலாம். முதலில் எண்ணெய் ஏறுவதுபோலத் தெரியும், பிறகு வாயு வரத்து தாவும். சோக்கைக் கொஞ்சம் மூடி, வாயு பின்வாங்க நேரம் கொடுப்பதே சரி. பத்துக் கிணறுகளின் மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் எந்தக் கிணறு தவறு செய்கிறது என்று பிடிபடாது. ஒவ்வொன்றையும் தனியே, எண்ணெய், வாயு, நீர் மூன்றையும் பிரித்து அளக்கும் சோதனைப் பிரிப்பானில் விட்டு அளந்து பாருங்கள்.