சுரங்க முதலாளியாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவரின் ஆவணங்களை ஒழுங்குபடுத்துதல்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் காகிதத்தின் முதல் எதிரி உப்புக் காற்று என்பதால், கீழக்கரையிலோ தொண்டியிலோ உள்ள பழைய வீட்டில் ஒருவரின் ஆவணங்களைப் பிரிக்கும் வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஈரமில்லாத மாதங்களில் தொடங்குவது நல்லது. துருப்பிடித்த குண்டூசிகளை மெல்லக் கழற்றுங்கள். லேமினேஷன் செய்யவே வேண்டாம், ஏனெனில் அதைப் பின்னர் காகிதம் சேதமாகாமல் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

அவர் கட்டிவைத்த கட்டுகளைக் கலைப்பதற்கு முன், எந்தக் கட்டில் எது இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். தொகுதி மக்களின் மனுவும் குவாரி குத்தகைக் கடிதமும் ஒரே கட்டில் கிடந்தால், அந்த அண்மையே வாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு சான்றாகலாம். சுரங்கக் காகிதங்களில் குத்தகைப் பத்திரம், எல்லை வரைபடம், உரிமத்தொகை (ராயல்டி) ரசீது ஆகிய மூன்றையும் சர்வே எண் வழியே இணைத்துப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமங்களுக்கு 1957ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், கட்டுமானக் கல், சரளை போன்ற சிறுகனிமங்களுக்குத் தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு விதிகளும் அடிப்படை என்பதை நினைவில் வைத்தால், இக்காகிதங்களுக்கு இணையான அரசுத் தரப்பு ஆவணங்களை எந்த அலுவலகத்தில் தேடுவது என்பது புலப்படும்.

மாவட்டப் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். 1985இல் பழைய இராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்ததால், அதற்கு முந்தைய பத்திரத்தில் ‘இராமநாதபுரம் மாவட்டம்’ என்றிருக்கும் சுண்ணாம்புக்கல் நிலம் இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கக்கூடும்.

சட்டமன்றப் பேச்சுகளை அச்சான அவைக் குறிப்புகளோடு ஒப்பிடுங்கள். குடும்பத்தார் சொல்லும் புகழ்க்கதைகளைத் தனித்தாளில் குறித்து வையுங்கள். மனுதாரர்களின் சொந்த விவரங்கள் உள்ள கடிதங்களை யாருக்கும் காட்டுவதற்கு முன் தனியே எடுத்துவிடுங்கள்.